ரோஜா என்ன சொல்லிற்று?

மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. பாடம் முடிந்துவிட்டது. அத்தகைய வேளைகளில் அயல்நாட்டு இலக்கியம் ஒன்றைச் சுருக்கிக் கதையாகச் சொல்வது நமது வழக்கம். அன்று நாம் எடுத்துக்கொண்டது பிரஞ்சு மொழியின் பழங்காவியம் ஒன்று. இருபதாம் வயதில் நிற்கும் இளைஞன் கனவு காண்கிறான். கனவிலே ஒரு தோட்டம். தோட்டத்திலே ஒரு செடி. செடியிலே ஒரு ரோஜா மொட்டு. அதைப் பறித்திடத் துடிக்கிறான். காவல் தடுக்கிறது. பொறாமை கோட்டை எழுப்புகிறது. காதற்கடவுள் படை திரட்டுகிறான். வீனஸ் தெய்வம் தீப்பந்தம் எய்கிறாள். கோட்டை எரிகிறது, காதலன் மலரைக் கொய்கிறான், பொழுது புலர்கிறது, கனவு கலைகிறது.

கதையை முடித்துப் பெருமிதத்தோடு நின்றோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, அந்த ரோஜா என்ன சொல்லிச்சு?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "பூ எங்காவது பேசுமா அம்மா?" என்றோம்.

"பொறாமை பேசுது, அச்சம் பேசுது, இயற்கை பேசுதுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? ரோஜா மட்டும் ஏன் பேசலை?"

மணி அடித்தது. நல்லவேளை என்று எண்ணினோம். நமக்கு விடை தெரியவில்லை!

அன்றிரவு மொழிபெயர்ப்பு ஏட்டைப் புரட்டினோம். 21,000 அடிகளுக்கு மேல் நீளும் காவியம். பகுத்தறிவு பேசுகிறாள், பக்கம் பக்கமாக. நண்பன் பேசுகிறான், நயவஞ்சகன் பேசுகிறான், கிழவி பேசுகிறாள், பூசகன் பேசுகிறான். ரோஜா மட்டும் ஓர் அடிகூடப் பேசவில்லை. எந்த மலருக்காக இத்தனை மொழியும் இறைக்கப்பட்டதோ, அந்த மலருக்கு மொழி இல்லை! நாம் பட்டம் பெறப் படித்த காலத்தில் எந்தப் பேராசிரியரும் கேட்காத கேள்வி அது. நாமும் கேட்கத் தோன்றாத கேள்வி. அந்தக் கேள்வியையே உரைகல்லாகக் கொண்டு இந்தக் காவியத்தை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

ரோஜாவின் மீது நமக்குக் கோபம் இல்லை, தோழர்களே. மணம் கண்டு மயங்குவதும் வண்ணம் கண்டு வியப்பதும் மனித இயல்பு. பகுத்தறிவாளன் என்றால் பூவைக் கண்டு முகம் சுளிப்பவன் என்று எவரேனும் எண்ணினால், அவர் பகுத்தறிவையும் அறியார், பூவையும் அறியார். நமது வழக்கு பூவின் மீது ஏற்றிய பொய்களோடு.

அந்தப் பொய்கள்தாம் எத்தனை! ரோஜா ஏன் சிவந்தது? கிரேக்கக் கவிஞன் பயோன் சொன்னான்: காட்டுப்பன்றி கிழித்த அடோனிஸ் என்னும் அழகனின் குருதியிலிருந்து ரோஜா மலர்ந்தது என்று. உரோமக் கவிஞன் ஓவிட் அதே குருதியிலிருந்து வேறொரு பூவை, அனிமோனை, மலரவைத்தான்! ஒரே சாவு, ஒரே குருதி. பூ மட்டும் புலவனுக்குப் புலவன் மாறுகிறது. இன்னொரு கதையோ, காதலனைத் தேடி ஓடிய தேவியின் காலில் முள் தைத்தது, வெண்மலர் செம்மலராயிற்று என்கிறது. வெள்ளை ரோஜா இன்றும் வெள்ளையாகவே பூத்துக்கொண்டிருக்கிறதே என்று கேட்க அந்நாளில் ஆளில்லை போலும்!

பின்னர் கிறித்துவம் வந்தது. தொடக்கக் காலக் குருமார்கள் ரோஜாவை ஏற்கவில்லை. வேற்றுத் தெய்வங்களின் விருந்துக்குரிய பூ என்று வெறுத்தனர். மலர்முடி சூடுவதைத் தெர்த்துல்லியன் கண்டித்து எழுதினார். ஆனால் மக்களின் ஆசையைத் தடுக்க இயலவில்லை. என்ன செய்தனர்? பூவைத் துரத்துவதை விடுத்து, உரிமையாளரை மாற்றினர். வீனசின் மலர் கன்னி மரியின் மலராயிற்று. ஏதேன் தோட்டத்தில் ரோஜாவுக்கு முள்ளே இல்லை, மனிதன் பாவம் செய்த பிறகே முள் முளைத்தது என்ற கதையும் எழுந்தது. செபமாலைக்கு மேலைநாட்டார் வைத்த பெயருக்குப் பொருள் ரோஜாத் தோட்டம் என்பதே. தெய்வம் மாறியது; தெய்வத்தின் சொத்து மாறவில்லை. இவ்வித்தை உலகெங்கும் நடந்ததுதான். இதில் நாம் வியக்க ஒன்றுமில்லை.

சிவப்பின் உண்மையான கதையைச் செருமானிய வேதியியல் அறிஞர் ரிச்சர்டு வில்ஷ்டெட்டர் சொன்னார். நீலமாக மலரும் கார்ன்பிளவர்ப் பூவிலிருந்து ஒரு சாயப்பொருளைப் பிரித்தெடுத்தார். சிவந்த ரோஜாவிலும் அதே சாயப்பொருளைக் கண்டார். ஒரே பொருள், இதழின் உள்ளிருக்கும் சூழல் மாறுவதால் ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு! 1915 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அடோனிசின் குருதியைவிட இது அழகு குறைந்த கதையா? நமக்கு அப்படித் தோன்றவில்லை.

காவியத்திற்கு வருவோம். அதற்கு 'ரோஜாக் காதை' என்று நாம் பெயரிட்டு அழைப்போம். எழுதியவர் இருவர். 1230 ஆம் ஆண்டையொட்டி கிய்யோம் தெ லோரி என்பவர் 4,000 அடிகளுக்குச் சற்று மேல் எழுதி, முடிக்காமல் விட்டார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து ழான் தெ மென் என்பவர் அதைத் தொடர்ந்து, 17,000 அடிகளுக்கும் மேல் பெருக்கி முடித்தார். அச்சுப்பொறி தோன்றாத காலத்து நூல். ஆயினும் ஏறத்தாழ 300 கையெழுத்துப் படிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஆங்கிலக் கவிஞர் சாசர் அதன் ஒரு பகுதியைத் தம் மொழியில் பெயர்த்தார். அதன் செல்வாக்கு அத்தகையது.

கிய்யோமின் பகுதியில் நம்மை நிறுத்துவது தோட்டத்து மதில். காதலன் மதிலருகே வருகிறான். வெளிப்புறத்தில் பத்து உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. தோட்டத்திற்குள் வரத் தகாதவர்கள் இவர்கள் என்று பொருள். வெறுப்பு இருக்கிறது, பேராசை இருக்கிறது, பொறாமை இருக்கிறது, கபட பக்தி இருக்கிறது. சரி, இவை வெளியே நிற்கட்டும்! ஆனால் அதே வரிசையில் முதுமையும் நிற்கிறது, வறுமையும் நிற்கிறது. கிழவி செய்த குற்றம் என்ன? கந்தல் உடுத்தவள் செய்த குற்றம் என்ன? பொறாமையும் வறுமையும் ஒரே இனமாம். இரண்டும் மதிலுக்கு வெளியேயாம்!

கதவைத் திறந்துவிடுபவள் யார் தெரியுமா? சோம்பல் என்னும் பெயருடைய நங்கை. தலைவாருவதும் கண்ணாடி பார்ப்பதும் அவள் அலுவல். கை கறுத்துவிடாதிருக்க வெள்ளைக் கையுறை அணிந்திருக்கிறாள். உள்ளே ஆடல், பாடல், ஊற்று, புள்ளினம், புல்வெளி. இத்தனை பெரிய தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த ஒரு கையை, நீர் சுமந்த ஒரு தோளை நாம் தேடித்தேடிப் பார்த்தோம். கிய்யோமின் 4,000 அடிகளில் நம் கண்ணுக்குப் படவில்லை. உழைத்தவன் இல்லாத தோட்டத்தில் உழைக்காதவன் காணும் கனவு, இந்த ரோஜா.

கிய்யோமின் நடை அழகு என்பதை மறைக்க மாட்டோம். மே மாதக் காலை, ஓடை நீர், இதழ் விரியாத மொட்டின் மீது படியும் பார்வை என்று அவர் எழுதும்போது மனம் இளகத்தான் செய்கிறது. நாம் இருமுறை படித்தோம். இரண்டாம் முறை படிக்கையில் கையுறை கண்ணில் பட்டது.

அடுத்து ழான் தெ மென். இங்கேதான் நமது தொல்லை தொடங்குகிறது. ஏனெனில், இந்த மனிதர் நமக்குப் பிடித்தமானவர்!

ஆம், தோழர்களே! பதின்மூன்றாம் நூற்றாண்டில், மதபீடம் மலைபோல் அமர்ந்திருந்த நாளில், இவர் எழுதியதைக் கேளுங்கள். பொய்வேடம் என்றொரு பாத்திரம், துறவியின் அங்கி அணிந்து மேடையேறுகிறது. தன் தொழில் ஏமாற்று என்பதைத் தானே சொல்கிறது. வறுமையைப் போதித்து வளமையில் வாழ்வதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறது. மன்னன் எப்படி உண்டானான்? தெய்வம் தந்ததாகவா? இல்லை. பழங்காலத்தில் மக்கள் எல்லாவற்றையும் பொதுவில் துய்த்தனர், பின்னர் பேராசை புகுந்தது, களவு புகுந்தது, காவல் தேவைப்பட்டது, தங்களுக்குள் எலும்பும் உடம்பும் பெருத்த ஒரு நாட்டுப்புறத்தானைப் பொறுக்கியெடுத்துத் தலைவனாக்கினர், அவன் வயிற்றுக்கு வரி கொடுத்தனர். அரசனின் தோற்றம் அதுவே என்கிறார். இயற்கை பேசும் இடத்தில் குலப்பெருமை பொடியாகிறது: பிறப்பால் எவனும் மேலோன் அல்லன், குணத்தாலேயே மேலோன் என்கிறாள். வால்வெள்ளி தோன்றினால் மன்னன் மடிவான் என்ற மூடநம்பிக்கையும் அங்கே அடிபடுகிறது. வானத்துக் கோளுக்கு மன்னன் என்றும் ஏழை என்றும் வேற்றுமை ஏது?

படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. நம்மவர் ஒருவர், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னே, பிரஞ்சு மண்ணிலே!

கைதட்டிய கையை இறக்குமுன் அடுத்த பக்கம் வந்தது. அதே நண்பனின் வாயில், பொறாமைக் கணவன் ஒருவன் பேசுவதாக ஒரு நீண்ட வசை. பெண் என்று பிறந்த அனைவரும் செயலாலோ எண்ணத்தாலோ ஒழுக்கம் கெட்டவர்களே என்கிறான் அவன். கற்புடையவள் உலகில் இல்லை என்கிறான். மனைவியை அடிக்கிறான். கிழவி வருகிறாள், ஆடவரை ஏமாற்றிப் பொருள் பறிக்கும் வழிகளைப் பாடமாக நடத்துகிறாள். இயற்கையின் பூசகனாகிய ஜீனியஸ், மனைவியிடம் மறைபொருள் எதையும் சொல்லாதே, அவளிடமிருந்து தப்பியோடு என்று ஆடவர்க்கு அறிவுரை வழங்குகிறான். இறுதிக் காட்சியில் காதலன் புனிதப் பயணியின் வேடம் பூண்டு, கையில் கோலுடன் கோட்டையின் குறுகிய வழியில் முட்டி மோதி நுழைந்து ரோஜாவைக் கொய்கிறான். எதைச் சொல்கிறார் என்பது எவருக்கும் விளங்கும். அந்தப் பகுதியை நாம் வகுப்பில் சொல்லவில்லை. 'மலரைக் கொய்தான்' என்று கூறி நழுவினோம். நழுவியதனாலேயே மாணவியின் கேள்வியில் மாட்டிக்கொண்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

மன்னனை மனிதனாக்கியவர், துறவியின் வேடத்தைக் கலைத்தவர், பிறப்பின் உயர்வைச் சிரித்து விரட்டியவர், பெண்ணிடம் வந்தபோது மட்டும் பழைய பாட்டையே பாடினார்! புரட்சி வாசற்படி வரை வந்தது, வீட்டுக்குள் நுழையவில்லை. இது ழான் தெ மென்னுக்கு மட்டும் உரிய நோயா? சென்ற ஆண்டு நாம் கலந்துகொண்ட ஓர் ஆண்டு விழாவில் சீர்திருத்தம் பேசும் அன்பர் ஒருவர் சிறப்புரை ஆற்றினார். மாணவர்களைச் 'சிங்கங்களே!' என்றார், மாணவியரை 'ரோஜா மலர்களே!' என்றார். சாதியைச் சாடினார், சடங்கைச் சாடினார், நன்றாகவே சாடினார். நாமும் கைதட்டினோம். சிங்கம் கர்ச்சிக்கும், ரோஜா என்ன செய்யும்? சூடப்படும், வாடிப்போகும். அன்று இது நம் காதில் உறைக்கவில்லை.

ழான் தெ மென் எழுதிச் சென்ற நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னே ஒரு பெண்ணின் காதில் அது உறைத்தது. அவர் பெயர் கிறிஸ்டீன் தெ பிசான்.

வெனிசில் பிறந்தவர். தந்தை பிரஞ்சு மன்னன் ஐந்தாம் சார்லசின் அவைச் சோதிடர். மகளின் வருங்காலத்தை அந்தச் சோதிடர் எப்படிக் கணித்தாரோ. பதினைந்து வயதில் மணமான மகள், இருபத்தைந்து வயதில் கைம்பெண்ணானார். மூன்று குழந்தைகள், தாய், தீராக் கடன். கணவனுக்கு வரவேண்டிய பணத்திற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடு மன்றப் படியேறினார். பின்னர் எழுதுகோலை எடுத்தார்; அதைக் கொண்டே குடும்பத்தைக் காத்தார். ஐரோப்பாவில் எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த பெண்களில் முன்வரிசையில் நிற்பவர் அவர்.

1401 ஆம் ஆண்டு. அரசச் செயலர் ழான் தெ மோந்த்ரேய் ரோஜாக் காதையைப் போற்றி ஓர் ஏடு எழுதினார். கிறிஸ்டீன் மறுத்தெழுதினார். மற்றோர் அரசச் செயலரான கோந்தியே கோல் சீறினார். பெண்ணுக்கு இத்தனை துணிச்சலா, சொன்னதைத் திரும்பப் பெறுக என்றார். அவர் உடன்பிறந்தார் பியேர் கோல், கோயிற் பதவியினர், காகத்தின் கதையைச் சொல்லி எச்சரித்தார். ஆம், நம் வீட்டுக் குழந்தைகள் கேட்கும் அதே கதை! பாட்டு இனிமை என்று எவரோ புகழ்ந்ததை நம்பி வாயைத் திறந்த காகம் வாயிலிருந்ததை இழந்ததே, அதுபோல் ஆகிவிடாதே என்பது பொருள். கிறிஸ்டீன் அஞ்சவில்லை. அந்த எச்சரிக்கைக்கு முன்பே, அதுவரையிலான மடல்களைத் தொகுத்து 1402 பிப்ரவரியில் அரசி இசபோவுக்கு அனுப்பியிருந்தார். அறிஞர்களின் அறைக்குள் முடங்கியிருந்த வழக்கு அம்பலம் ஏறியது.

அவருடைய வாதங்களில் ஒன்று நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. பெண்கள் அற்பர்கள், எளிதில் வசப்படுபவர்கள் என்றே இந்நூல்கள் சொல்கின்றன. அவ்வாறாயின், ஒரு பெண்ணை வசப்படுத்த இத்தனை சூழ்ச்சி ஏன்? இத்தனை தூது ஏன்? கோட்டை ஏன், முற்றுகை ஏன், தீ ஏன், பல்லாயிரம் அடிகள் ஏன்? எதிர்ப்பே இல்லாத இடத்தில் படையெடுப்பவன் உண்டா? காவியத்தின் நீளமே காவியத்தின் பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது என்பது இதன் கருத்து. ஒரு நூலை அந்த நூலின் கட்டமைப்பைக் கொண்டே மடக்குவது! திறனாய்வு என்றால் இதுவன்றோ?

பியேர் கோலின் மறுமொழியையும் நேர்மையாக எடுத்துரைப்போம். பேசுவது ழான் தெ மென் அல்லர். பொறாமைக் கணவன் பேசுகிறான், அவன் பொறாமைக்காரன் பேசுவதுபோலவே பேசுகிறான். பாத்திரத்தின் குற்றத்தைப் படைத்தவன் மீது சுமத்தலாமா என்றார். இது எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. நாடகத்தில் கொலைகாரன் பேசுவதால் நாடகாசிரியன் கொலைகாரன் ஆகிவிடுவதில்லை. இந்த வாதத்தை மறுத்தால் நாளை எந்த எழுத்தாளனும் கொடியவன் ஒருவனைப் படைக்க இயலாது. ஆனால் மாணவியின் கேள்வி இங்கே உதவிக்கு வருகிறது. பாத்திரம் பேசுவதற்குப் படைத்தவன் பொறுப்பல்லன் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் பேசாமலிருப்பதற்கு யார் பொறுப்பு? பொறாமைக்காரனுக்கு நூற்றுக்கணக்கில் அடிகள் அளந்தவர், ரோஜாவுக்கு ஓர் அடியும் அளக்கவில்லை. அந்தத் தராசு எந்தப் பாத்திரத்தின் கையிலும் இல்லை. ஆசிரியரின் கையில்தான் இருந்தது.

'நல்வரவு' என்ற பாத்திரம் பேசுகிறதே, அது அந்தப் பெண்ணின் மனத்தில் ஒரு பகுதிதானே என்று கற்றறிந்தோர் கூறலாம். உண்மை. இறுதியில் மலருக்கு இசைவு தருவதும் நல்வரவுதான். ஆனால் நல்வரவை ஆணாகவே படைத்திருக்கிறார்கள்! பெண்ணின் மனம் பேசும்போதும் இளைஞன் ஒருவனின் குரலில் பேசுகிறது. இசைவு தரும் பகுதிக்கு மட்டும் இனிய வாய். மறுக்கும் பகுதிக்குத் தடியேந்திய முரடனின் உருவம். ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வது, வெல்ல வேண்டிய காவலாக மாறிவிடுகிறது.

கிறிஸ்டீன் சொன்ன யாவும் நமக்கு உடன்பாடு என்று எண்ண வேண்டாம். உடலுறுப்புகளின் பெயரைப் பகுத்தறிவு என்னும் பாத்திரம் வெளிப்படையாகச் சொல்கிறது என்று அவர் முகம் சுளித்தார். இதில் நாம் ழான் தெ மென் பக்கம். சொல்லில் அழுக்கில்லை, மறைப்பதில்தான் அழுக்கு சேரும். இந்நூலுக்கு ஏற்றது வாகைமுடி அன்று, நெருப்பே என்றும் அவர் எழுதினார். அவருக்குத் துணைநின்ற பாரிஸ் பல்கலைக்கழகத் தலைவர் ழான் ழெர்சோன், ஆயிரம் பொன் பெறும் ஒரே படி தம்மிடம் இருந்தாலும் அதை விற்க மாட்டார், எரிப்பார் என்றே அறிவித்தார். நூலை எரிப்பவர்களோடு நமக்கு உறவில்லை; எரிக்கப்படும் நூல் எதுவாயினும் சரி. எரித்திருந்தால், இன்று இந்த வழக்கை எதைக் கொண்டு நடத்துவோம்? மன்னனின் பிறப்பைப் பற்றிய அந்தப் பக்கமும் சாம்பலாகியிருக்குமே!

ஆனால் கிறிஸ்டீன் நெருப்போடு நிற்கவில்லை; எழுத்தோடு தொடர்ந்தார். 1402 ஆம் ஆண்டு பிப்ரவரி 14 என நாளிட்டு, 'ரோஜாவின் உரை' எனத்தக்க ஒரு கவிதை எழுதினார். விருந்து மண்டபம் ஒன்றில் ரோஜாக்கள் வழங்கப்படுகின்றன. பெறுவோர், பெண்களின் நற்பெயரைக் காப்போம் என்று சூளுரைக்கின்றனர். பறிப்பதற்குரிய பொருளாயிருந்த பூ, வாக்குறுதியின் சின்னமாயிற்று! 1405 ஆம் ஆண்டில் 'மகளிர் மாநகர்' என்ற உரைநடை நூலைப் படைத்தார். பகுத்தறிவு, நேர்மை, நீதி என்னும் மூன்று நங்கையர் வந்து, பழிக்கப்பட்ட பெண்களின் வரலாறுகளைக் கற்களாக அடுக்கி ஒரு நகரம் கட்டச் சொல்கின்றனர். ரோஜாக் காதையில் மதில் பெண்ணை அடைக்க எழுந்தது. இங்கே மதிலைக் கட்டுபவளே பெண்.

ரோஜா என்றால் பெண், பெண் என்றால் ரோஜா என்ற உவமை பின்னும் ஓயவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் பிரஞ்சுக் கவிஞர் ரோன்சார் அதற்குப் புதுமெருகு ஏற்றினார்: காலையில் மலர்ந்தது மாலையில் உதிரும், ஆகவே இளமை உள்ளபோதே இணங்கிவிடு என்ற பொருளில். அவருக்குப் பின் வந்தோர் பலர் இதே தந்திரத்தைக் கையாண்டனர். அழகுரை போலத் தோன்றும். உற்று நோக்கினால் மிரட்டல். அந்நாளைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை, கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே பூத்தவை. அந்தச் செடியின் குறையைப் பெண்ணின் விதியாக்கினார்கள்! பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து திரும்பத் திரும்பப் பூக்கும் இனங்கள் வந்து சேர்ந்தன, கலப்பினங்கள் பெருகின. செடி மாறியது, உவமை மாறவில்லை. உண்மையான ரோஜாவைத் திரும்பிப் பார்க்கவும் கவிஞர்க்கு நேரமில்லை.

மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களே, அவர்கள் ரோஜாவைக் கேட்ட நாள் ஒன்றும் வந்தது. அமெரிக்காவில், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய ஹெலன் டாட், அனைவர்க்கும் ரொட்டி, ரோஜாவும் கூட என்ற கருத்தை முழக்கமாக்கினார். 1911 டிசம்பரில் ஜேம்ஸ் ஓப்பன்ஹைம் 'ரொட்டியும் ரோஜாவும்' என்ற தலைப்பில் கவிதை வெளியிட்டார். 1912 சனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகர ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. வாரத்திற்கு 56 மணி நேரமாயிருந்த பெண்கள், சிறார் வேலையைச் சட்டம் 54 மணியாகக் குறைத்தது. முதலாளிகள் அதற்கேற்பக் கூலியையும் குறைத்தனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். பல மொழி பேசும் குடியேறிகள். அவர்களில் பெண்கள் முன்னணியில் நின்றனர். கடுங்குளிரில் இரண்டு மாதம் போராடிக் கூலி உயர்வு பெற்றனர்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த வேலைநிறுத்தத்தில் 'ரொட்டியும் வேண்டும், ரோஜாவும் வேண்டும்' என்ற பதாகையைப் பெண்கள் ஏந்தினர் என்றும், அதைக் கண்டே கவிதை பிறந்தது என்றும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. கவிதை வந்தது டிசம்பரில். வேலைநிறுத்தம் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம். பதாகைக்கும் உறுதியான சான்று இல்லை. அடோனிசின் குருதியைக் கேலி செய்த நாம், நமக்குப் பிடித்த கதை என்பதற்காக இதை மட்டும் விட்டுவிடலாமா? போராட்டம் உண்மை, வெற்றி உண்மை, கூலி உயர்வு உண்மை, அவை போதும். பதாகை இல்லாமலே அவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்று உண்டு. அதே 1912 ஆம் ஆண்டில், தொப்பி தைக்கும் தொழிலாளியாக உழைத்த ஒரு பெண், செல்வச் சீமாட்டிகள் அமர்ந்திருந்த அவையில் பேசினார். உழைக்கும் பெண்ணுக்கு உயிரோடிருப்பது மட்டும் போதாது, வாழவும் வேண்டும். ரொட்டி வேண்டும், ரோஜாவும் வேண்டும் என்றார். அவர் ரோஸ் ஷ்னைடர்மன். போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண். பெயரைக் கவனித்தீர்களா? ரோஸ்!

இன்று பிப்ரவரி 14 நெருங்கும்போது கென்யாவின் நைவாசா ஏரிக்கரையிலிருந்தும், எக்குவடோரின் மலைச்சரிவுகளிலிருந்தும், நம் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களிலிருந்தும் பெட்டி பெட்டியாக ரோஜா விமானம் ஏறுகிறது. விடியுமுன் வெட்டி, இலை களைந்து, அளவு பார்த்துக் கட்டும் கைகளில் மிகப்பல பெண்களின் கைகள். அங்கே வெள்ளைக் கையுறை இல்லை. இருப்பது முள்ளுக்கு அஞ்சிய தடித்த உறை, அதுவும் கொடுத்தால்.

மறுவாரம் வகுப்பில் கதையை மீண்டும் எடுத்தோம். ரோஜா பேசவில்லை என்பதை ஒப்புக்கொண்டோம். பேசவிடாதவர்கள் யார் என்பதையும், கேட்க ஒருத்தி வந்தாள் என்பதையும் சொன்னோம். பொறாமைக் கணவனின் பேச்சையும் இம்முறை மறைக்கவில்லை. பையன்கள் சிலர் தலைகுனிந்திருந்தனர். சிலர் சிரிப்பை அடக்கினர். பின்வரிசை மாணவி குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் மேசையருகே வந்தாள்.

"அந்த அம்மா எழுதின புத்தகம் நம்ம நூலகத்தில இருக்கா ஐயா?"

இல்லை. நம்மிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தது. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தோம். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அகராதியும் வேணும் ஐயா" என்றாள். அதையும் கொடுத்தோம்.